செகண்ட் ஹேண்ட் ஃபாஸ்ட் லென்ஸ் விலை: வேலூர்ப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை, ஆரணி என்று இருபது வருடமாகக் கல்யாணம் எடுத்துக்கொண்டிருக்கிறேன். காட்பாடியில் இருக்கும் என் சின்ன ஸ்டுடியோவுக்கு வரும் தம்பிகள் முன்பெல்லாம் எந்தக் கேமரா வாங்கலாம் என்று கேட்பார்கள். இப்போது வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது பழைய லென்ஸ் பற்றி. அதிலும் "விலை ஏன் இப்படி ஏறுது?" என்பதுதான் முதல் கேள்வி. போனில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி முடியவில்லை. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன். இதில் நான் சொல்லும் ரூபாய்க் கணக்கு எல்லாம் என் கைக்கும் கண்ணுக்கும் வந்த விலை மட்டுமே.

ஃபாஸ்ட் லென்ஸ்னா இன்னா அண்ணா? சீக்கிரமா ஃபோகஸ் ஆகுமா?

ஃபோகஸ் வேகத்துக்கும் இந்தப் பெயருக்கும் சம்பந்தம் இல்லை. லென்ஸின் துளை (அப்பர்ச்சர்) எவ்வளவு பெரிதாகத் திறக்கும் என்பதுதான் விஷயம். நிறைய வெளிச்சம் உள்ளே வந்தால் ஷட்டரை வேகமாக வைக்கலாம். அதனால் அந்தப் பெயர் வந்தது.

லென்ஸின் மி.மீ. அளவை, அதாவது குவியத் தூரத்தை, துளையின் விட்டத்தால் வகுத்தால் வருவதுதான் எஃப் எண். 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.8 என்றால் துளை ஏறக்குறைய 28 மி.மீ., 1.4 என்றால் 36 மி.மீ., 1.2 என்றால் 42 மி.மீ. எண் குறையக் குறையத் துளை பெரிது. ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத் தொலைநோக்கிக்கு 2.34 மீட்டர் விட்டத்தில் கண்ணாடி வைத்திருப்பதும் இதே காரணத்துக்குத்தான். வாய் பெரிதாக இருந்தால் மங்கலான நட்சத்திரத்தின் வெளிச்சமும் போதுமான அளவு வந்து சேரும்.

எஃப் 2-லிருந்து 1.4-க்குப் போனால் வெளிச்சம் இரண்டு மடங்கு. 1.8-லிருந்து 1.4-க்குப் போனால் ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் மேல். 1.4-லிருந்து 1.2-க்குப் போனால் மூன்றில் ஒரு பங்கு கூடும், அவ்வளவுதான். இந்தக் கணக்கு கீழே திரும்ப வரும்.

விலை நெஜமாவே ஏறுதா, இல்ல விக்கிறவங்க கெளப்பி விடுறாங்களா?

ஒரு பக்கம் நிஜமாகவே ஏறியிருக்கிறது. 2011-ல் ஒரு பழைய கேனன் எஃப்டி 50 மி.மீ. எஃப் 1.4 லென்ஸை, கூடவே ஒரு ஃபிலிம் கேமராவோடு சேர்த்து 2,500 ரூபாய்க்கு வாங்கினேன். கொடுத்தவர் "இதை வெச்சு என்ன பண்ணப் போற?" என்று பரிதாபப்பட்டார். இன்று அதே லென்ஸுக்கு, கேமரா இல்லாமல், கண்ணாடி சுத்தமாக இருந்தால் எட்டாயிரம், ஒன்பதாயிரம் கேட்கிறார்கள். கொடுத்து வாங்கவும் ஆள் இருக்கிறது.

ஆனால் எல்லா ஃபாஸ்ட் லென்ஸும் ஏறவில்லை. ஏறுவது பழைய மேனுவல் ஃபோகஸ் லென்ஸ்களும், உற்பத்தி நின்றுபோன அபூர்வமான சில லென்ஸ்களும். நேற்று வரை கல்யாணக்காரர்கள் எல்லாரும் வைத்திருந்த டிஎஸ்எல்ஆர் (உள்ளே நிலைக்கண்ணாடி எகிறும் பழைய வகை டிஜிட்டல் கேமரா) ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களின் விலை இறங்கிக்கொண்டிருக்கிறது. "லென்ஸ் விலை ஏறிடுச்சு தம்பி" என்று சொல்லி யாராவது இந்த இரண்டாவது வகையை உங்கள் தலையில் கட்டினால், அங்கேதான் கிளப்பி விடுகிறார்கள்.

பழசாக ஆக வெல கொறையணும். இது ஏன் தலைகீழா ஏறுது?

இதற்கு மட்டும் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டும். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

ஒவ்வொரு லென்ஸும், கேமராவுக்குள் படம் விழும் சென்சாரிலிருந்து ஒரு குறிப்பிட்ட தூரத்தில் உட்கார வேண்டும். கேனனின் பழைய எஃப்டி லென்ஸுக்கு அந்தத் தூரம் 42 மி.மீ. 1987-ல் கேனன் எஃப்டியைக் கைவிட்டு ஈஎஃப் என்ற புதிய மவுண்ட்டுக்கு (லென்ஸ் மாட்டும் வாய்க்கு) மாறியது. அதில் தூரம் 44 மி.மீ. வெறும் 2 மி.மீ. வித்தியாசம்தான். ஆனால் எஃப்டி லென்ஸைப் புது கேமராவில் மாட்டினால் தூரத்தில் இருப்பது எதுவுமே ஃபோகஸ் ஆகாது. நடுவில் ஒரு சின்ன லென்ஸ் கண்ணாடி வைத்த அடாப்டர் போட்டால் ஆகும், ஆனால் படத்தின் தரம் போய்விடும். ஒரே நாளில் லட்சக்கணக்கான நல்ல லென்ஸ்கள் அநாதை ஆயின. மினோல்டா ரோக்கர், கோனிகா ஹெக்ஸனான் லென்ஸ்களுக்கும் இதே கதிதான். பீரோவில் தூங்கின. பழைய சாமான் கடைக்குப் போயின.

அப்புறம் மிரர்லெஸ் வந்தது. 2008-ல் பானசோனிக் ஜி1, 2010-ல் சோனி நெக்ஸ், 2013-ல் முழு ஃபிரேம் சென்சாரோடு (பழைய ஃபிலிம் அளவு) சோனி ஏ7. உள்ளே எகிறும் நிலைக்கண்ணாடி (மிரர்) இல்லாததால் இந்தக் கேமராக்களில் தூரம் மிகக் குறைவு. சோனியில் 18 மி.மீ., பின்னால் 2018-ல் வந்த நிக்கான் இசட்டில் 16, கேனன் ஆர்எஃப்பில் 20. மிச்ச தூரத்துக்கு வெறும் ஒரு உலோகக் குழாயை வைத்தால் போதும், பழைய லென்ஸ் எதுவானாலும் ஒழுங்காக வேலை செய்யும். கண்ணாடி எதுவும் தேவையில்லை, ஆயிரம் ரூபாய் அடாப்டர் போதும். இருபது வருடம் வாங்க ஆள் இல்லாமல் கிடந்த பொருளுக்கு உலகம் முழுக்க ஒரே நேரத்தில் ஆள் வந்துவிட்டது.

தேவை கூடியது. சரக்கு கூட வழியே இல்லை. 1970-களில் செய்ததை இன்று யாரும் செய்யப்போவதில்லை. இருப்பதிலும் ஒவ்வொரு ஐப்பசி கார்த்திகை மழைக்கும் சில லென்ஸ்களில் ஃபங்கஸ் (பூஞ்சை) ஏறுகிறது. சில கீழே விழுகின்றன. சுத்தமான கண்ணாடியோடு மிச்சம் இருப்பது வருடா வருடம் குறைகிறது. அதற்குத்தான் இந்த விலை.

சினிமாக்காரங்கதான் வெலைய ஏத்தி விட்டாங்கன்னு சொல்றாங்களே?

அதுவும் ஒரு பெரிய காரணம். டிஜிட்டல் சினிமா கேமராக்கள் எல்லாவற்றையும் மிகத் துல்லியமாகக் காட்டுகின்றன. முகத்தில் அவ்வளவு கூர்மை வேண்டாம் என்று நினைக்கும் ஒளிப்பதிவாளர்கள் கேனன் எஃப்டி, லைகா ஆர், காண்டாக்ஸுக்காக ஜெய்ஸ் செய்த லென்ஸ்கள் மாதிரியான பழைய வரிசைகளைத் தேடி வாங்கி, உள்ளே இருக்கும் கண்ணாடியை மட்டும் எடுத்துப் புதிய சினிமா உறையில் போட்டுக்கொள்கிறார்கள். ஒரு படத்துக்கு ஒரு லென்ஸ் போதாது. 24, 35, 50, 85 என்று ஒரே வரிசையில் முழு செட் வேண்டும், நிறம் ஒன்றுபோல இருக்க வேண்டும்.

அதனால் ஒரு வரிசை சினிமாவுக்குப் பிடித்துவிட்டால் அதில் இருக்கும் அபூர்வமான லென்ஸ்தான் முதலில் எகிறும். 50 மி.மீ. எங்கும் கிடைக்கும். 24 மி.மீ. எஃப் 1.4-ம் 85 மி.மீ. எஃப் 1.2-ம் கிடைக்காது. செட் வாடகைக்கு விடுபவர் அந்த ஒரு லென்ஸுக்கு என்ன விலையும் கொடுப்பார், ஏனென்றால் அது இல்லாமல் மற்ற மூன்றும் வீண். நாம் அவரோடு போட்டி போட முடியாது. போடவும் வேண்டாம்.

ஹீலியோஸ் லென்ஸுக்கு இவ்ளோ வெல நியாயமா?

ஹீலியோஸ் 44 என்பது 58 மி.மீ. எஃப் 2 லென்ஸ். சோவியத் நாட்டின் ஜெனிட் கேமராவோடு சேர்ந்து வந்தது. எண்ணிக்கையில் ஏராளமாகச் செய்யப்பட்டது, அபூர்வம் என்று சொல்லவே முடியாது. பின்னணியைச் சுழற்றிக் காட்டும் குணம் அதற்கு உண்டு. மரம், இலை, சீரியல் லைட் எல்லாம் முகத்தைச் சுற்றி வட்டமடிப்பது மாதிரித் தெரியும். வீடியோக்களில் அது பிரபலமானதால் விலை ஏறியது.

அந்தச் சுழற்சி பிடித்திருந்தால் வாங்குங்கள், அழகான லென்ஸ்தான். ஆனால் "ரேர் பீஸ்" என்று சொல்லி யாராவது அதிக விலை கேட்டால் அடுத்த ஆளைப் பாருங்கள். இன்னொன்று கிடைக்கும்.

இப்ப ஐஎஸ்ஓ 12800 வெச்சாலும் கிளீனா வருது. அப்புறம் ஃபாஸ்ட் லென்ஸ் எதுக்கு?

நியாயமான கேள்வி. வெளிச்சத்துக்காக மட்டும் என்றால் தேவை முன்பைவிடக் குறைவுதான். எஃப் 2.8 ஜூமில் ஐஎஸ்ஓ (வெளிச்சத்துக்குச் சென்சார் காட்டும் உணர்வு அளவு) 6400 வேண்டிய இடத்தில் எஃப் 1.4 லென்ஸில் 1600 போதும். பத்து வருடம் முன்னால் அந்த வித்தியாசம் ஆல்பத்தில் பளிச்சென்று தெரியும். இன்றைய கேமராவில், 12x36 அளவு தாளில், வாடிக்கையாளருக்குத் தெரியாது.

ஆனால் மண்டபத்துக்கு உள்ளே போய் நின்று பாருங்கள். மணமக்கள் பின்னால் தெர்மோகோல் டெக்கரேஷன், ஏசி பெட்டி, மாமா கையில் போன், வயர், ஸ்டாண்ட் ஃபேன். இத்தனையையும் கரைத்து, சீரியல் லைட்டை மட்டும் தங்க நிற வட்டங்களாக மாற்றும் வேலையை ஐஎஸ்ஓ செய்யாது. போனில் மென்பொருள் அதைச் செய்கிறது, ஆனால் முடி ஓரத்திலும் மல்லிகைப்பூ ஓரத்திலும் வெட்டி ஒட்டியது தெரிந்துவிடும். இன்று ஃபாஸ்ட் லென்ஸுக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் அந்தக் கரைசலுக்கான காசு.

1.8 போதுமா, 1.4 வாங்கணுமா, இல்ல 1.2-க்கே சேத்து வெக்கணுமா?

தொழில் செய்கிற தம்பிக்கு என் பதில் தயக்கமே இல்லாமல் 1.8. முதல் கேள்வியில் சொன்ன கணக்கைப் பாருங்கள். 1.4-லிருந்து 1.2-க்குப் போனால் கிடைப்பது மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம், ஆனால் விலை பல மடங்கு. எடையும் கூடும்.

இன்னொரு விஷயம் ஃபோகஸ் ஆழம். 85 மி.மீ. லென்ஸில், முழு ஃபிரேம் கேமராவில், இரண்டு மீட்டர் தூரத்தில் நிற்கும் பெண்ணை எஃப் 1.4-ல் எடுத்தால் கூர்மையாக இருப்பது மொத்தமே சுமார் நாலரை சென்டிமீட்டர். 1.2-ல் நான்கு. அவர் மூச்சு விட்டு லேசாகச் சாய்ந்தால் மூக்குத்தி ஷார்ப்பாகவும் கண் மங்கலாகவும் வரும். மணமகனும் மணமகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும் ஒருவர் கொஞ்சம் முன்னே இருந்தால் ஒருவர்தான் ஷார்ப். 1.2 வாங்கியவர்கள்கூட வேலை நேரத்தில் அதை 2-க்கு மூடித்தான் எடுக்கிறார்கள்.

மேனுவல் ஃபோகஸ் லென்ஸ் வெச்சு முகூர்த்தம் எடுக்க முடியுமா?

வேண்டாம். தாலி கட்டும் நேரம் சில விநாடிதான். அட்சதை பறக்கும், யாராவது குறுக்கே கையை நீட்டுவார்கள். அந்தக் குடும்பத்துக்கு அது திரும்ப வராது. அந்த இடத்தில் ஆட்டோஃபோகஸ் லென்ஸ் கையில் இருக்க வேண்டும். பழைய லென்ஸை முதல் நாள் மாலை ரிசப்ஷனுக்கு முன், மணப்பெண் அலங்காரம் நடக்கும்போது, வெளியே கேண்டிட் எடுக்கும்போது வைத்துக்கொள்ளுங்கள்.

வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு ஊர்வலத்தை நான் பழைய எஃப்டி 50-ல் எடுத்திருக்கிறேன். கூட்டம் தள்ளும், அம்மன் சிரசு ஆடி ஆடி வரும். முன்கூட்டியே மூன்று மீட்டருக்கு ஃபோகஸ் வைத்து, 5.6-க்கு மூடி, அந்தத் தூரத்துக்கு வந்ததும் அடித்தேன். நல்ல படங்கள் வந்தன. ஆனால் யோசித்துப் பார்த்தால், 5.6-ல் எடுப்பதற்கு 1.4 லென்ஸ் தேவையே இல்லை.

என் கேமராவுக்கு எந்தப் பழைய லென்ஸ் பொருந்தும்?

மிரர்லெஸ் என்றால் கிட்டத்தட்ட எல்லாமே, சரியான அடாப்டரோடு. காரணம் மேலே மூன்றாவது பதிலில் இருக்கிறது. கேனன் டிஎஸ்எல்ஆர் என்றால் நிக்கான் எஃப் லென்ஸும் எம் 42 என்னும் திருகி மாட்டும் வகை லென்ஸும் அடாப்டரில் சரியாக வரும், கேனனின் சொந்த எஃப்டி வராது. வருத்தமான வேடிக்கைதான், ஆனால் உண்மை. நிக்கான் டிஎஸ்எல்ஆருக்குத் தூரம் 46.5 மி.மீ. என்பதால் வேறு கம்பெனி லென்ஸ் எதுவும் அனேகமாக ஒத்துவராது. பழைய நிக்கார் லென்ஸ்களோடு இருங்கள், அதுவே பெரிய செல்வம்.

நிக்கான் இசட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 85 மி.மீ. எஃப் 1.4 டி மாதிரி ஏஎஃப்-டி லென்ஸ்களுக்குள் மோட்டார் கிடையாது. கேமரா பாடியில் இருக்கும் மோட்டார்தான் அதைத் திருப்பும். நிக்கானின் எஃப்டிஇசட் அடாப்டரில் அந்த மோட்டார் இல்லை. மாட்டலாம், படம் எடுக்கலாம், ஆட்டோஃபோகஸ் மட்டும் வராது. விற்பவர் இதைச் சொல்ல மறந்துவிடுவார்.

சென்சார் சின்னது (ஏபிஎஸ்-சி அளவு) என்றால் 50 மி.மீ. லென்ஸ் 75 அல்லது 80 மி.மீ. போல நெருக்கமாகத்தான் பார்க்கும். நம் ஊர் வீடுகளில் பின்னால் நகர இடம் இருக்காது. வாங்குவதற்கு முன் யோசியுங்கள்.

டிஎஸ்எல்ஆர் லென்ஸ் வெல விழுதுன்னீங்களே, அத வாங்கலாமா?

கேனன் மிரர்லெஸ் வைத்திருந்தால் தாராளமாக. ஈஎஃப் லென்ஸ் கேனனின் சொந்த அடாப்டரில் ஆட்டோஃபோகஸோடு அப்படியே வேலை செய்யும். எல்லாரும் பழைய மேனுவல் லென்ஸ் பின்னால் ஓடும்போது, இந்தப் பக்கம் ஈஎஃப் 85 மி.மீ. எஃப் 1.8-ஐ ஒருவர் நல்ல விலைக்கு வாங்கி அடுத்த முகூர்த்தத்துக்கே சம்பாதித்துவிடலாம். ஈஎஃப் 85 மி.மீ. எஃப் 1.2-ன் இரண்டாம் பதிப்பும் கீழே வந்திருக்கிறது. படம் அருமை, ஃபோகஸ் மெதுவாக நகரும், தெரிந்து வாங்குங்கள்.

வாங்கும்போது இன்னா இன்னா பாக்கணும்?

போட்டோவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். நான் அப்படி ஒரு 85 மி.மீ. லென்ஸை வாங்கி ஏமாந்தேன். போனில் வந்த படங்களில் கண்ணாடி பளபளவென்று இருந்தது. முதல் ரிசப்ஷனில் மேடை லைட் எதிரே வந்ததும் படம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி வெள்ளைத் திரை. உள்கண்ணாடியில் ஹேஸ், அதாவது புகை மாதிரிப் படலம். அந்தக் குடும்பத்துக்கு நான் கொடுத்த படங்களை நினைத்தால் இன்னும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

கையில் ஒரு சின்ன டார்ச் கொண்டு போங்கள். போன் லைட்டும் போதும். அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, பின்பக்கமிருந்து சாய்வாக வெளிச்சம் அடித்து முன்னால் இருந்து பாருங்கள். சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் ஃபங்கஸ். புகை மாதிரி என்றால் ஹேஸ். ஓரத்தில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டியிருந்த இரண்டு கண்ணாடி பிரிகிறது, அதை இங்கே யாரும் சரிசெய்ய மாட்டார்கள், விட்டுவிடுங்கள். இரண்டு மூன்று தூசி பற்றிக் கவலை வேண்டாம். முன்கண்ணாடிக் கீறலைவிடப் பின்கண்ணாடிக் கீறல் மோசம். அப்பர்ச்சர் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கக் கூடாது, சட்டென்று மூடித் திறக்க வேண்டும். ஃபில்டர் மாட்டும் வளையம் நசுங்கியிருந்தால் கீழே விழுந்த லென்ஸ்.

அப்புறம் மாட்டிப் பார்க்க வேண்டும். நான் விற்பவர்களைக் கோட்டைக்கு எதிரே வரச் சொல்லுவேன். அகழிக்கு இந்தப் பக்கம் நின்று, மதிலின் தட்டையான பகுதியை நேராகப் பார்த்து முழு அப்பர்ச்சரில் ஒரு படம். அந்தக் கருங்கல் வரிசையைவிட நல்ல டெஸ்ட் சார்ட் கிடையாது. நான்கு மூலையையும் பெரிதாக்கிப் பாருங்கள். நான்கும் ஒரே மாதிரி மங்கல் என்றால் பழைய லென்ஸின் இயல்பு. ஒரு பக்கம் மட்டும் மங்கல் என்றால் உள்ளே கண்ணாடி நகர்ந்திருக்கிறது. பிறகு பாலமதி மலை உச்சியை ஃபோகஸ் செய்யுங்கள். வளையத்தைக் கடைசி வரை திருப்பியும் மலை ஷார்ப்பாக வராவிட்டால், ஒன்று அடாப்டர் தப்பு, இல்லை லென்ஸைப் பிரித்துத் தப்பாகச் சேர்த்திருக்கிறார்கள். கடைசியில் வெயிலை ஓரத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். எனக்கு நடந்தது உங்களுக்கு நடக்காது.

ஃபங்கஸ் கொஞ்சந்தான்னு சொல்றாங்க. கிளீன் பண்ணா போச்சு இல்ல?

புதிதாக வந்த ஃபங்கஸ் துடைத்தால் போகும். பல வருடம் இருந்தது போகாது. அது வெளியிடும் அமிலம் கண்ணாடியின் கோட்டிங்கைத் தின்றுவிடும். துடைத்த பிறகும் தடம் இருக்கும். விற்பவர் "கிளீன் பண்ணா போயிடும்" என்றால், "அப்ப கிளீன் பண்ணிட்டே குடுங்க, அதுக்கான காசையும் சேத்துக் குடுக்கறேன்" என்று சொல்லுங்கள். அவர் முகத்தில் பதில் தெரியும்.

நம்ம ஊரு வெயில்ல லென்ஸ் கெடுமா?

கெடும். நாற்பது டிகிரியைத் தாண்டும் சித்திரை வெயிலில் காருக்குள் விட்டால் ஃபோகஸ் வளையத்தில் இருக்கும் கிரீஸ் இளகி, எண்ணெய் பிரிந்து அப்பர்ச்சர் இதழில் இறங்கும். அதே எண்ணெய் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்தால் ஹேஸ். மண்டப வாசலில் காரை நிறுத்தினால் பையையும் உள்ளே எடுத்துப் போங்கள்.

மழைக்காலத்தில் எதிரி ஈரம். காற்றின் ஈரப்பதம் அறுபது சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து இருந்தால் ஃபங்கஸ் வளரும். நாற்பதிலிருந்து ஐம்பதுக்குள் வைத்திருப்பது நல்லது. டிரை கேபினெட் வாங்க முடியாவிட்டால் இறுக்கமான மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, அதில் சிலிக்கா ஜெல், ஒரு சின்ன ஈரமானி. அரிசியில் போடாதீர்கள், அந்தத் தூள் உள்ளே போகும். பழைய லென்ஸோடு வரும் தோல் உறையிலும் வைக்காதீர்கள். ஆம்பூர், ராணிப்பேட்டை என்று தோல் ஊர்களைச் சுற்றி வைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்: தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும், ஃபங்கஸுக்கு அதுவே சாப்பாடு.

லென்ஸ் மஞ்சளா இருக்கு. ரேடியேஷன்னு சொல்றாங்க, பயமா இருக்கு அண்ணா.

1960-கள், 70-களில் செய்த சில ஃபாஸ்ட் லென்ஸ்களின் கண்ணாடியில் தோரியம் கலந்தார்கள். பென்டாக்ஸின் சூப்பர் டாகுமார் 50 மி.மீ. எஃப் 1.4-ல் ஏழு கண்ணாடி கொண்ட வகை அதில் பிரபலம். காலப்போக்கில் அந்தக் கண்ணாடி டீ நிறத்துக்கு மாறும். கதிர்வீச்சு உண்டு, ஆனால் கேமராவில் மாட்டிப் படம் எடுக்கும் அளவில் பயப்பட ஒன்றுமில்லை. கண்ணாடியை உடைக்கவோ தேய்க்கவோ கூடாது, தலையணைப் பக்கத்தில் வைத்துத் தூங்கவும் வேண்டாம்.

மஞ்சளை எடுக்கப் புற ஊதா வெளிச்சம் போதும். யூவி எல்இடி விளக்கின் கீழே சில நாள், சில வாரம் வைத்தால் தெளியும். வெயிலிலும் போகும், ஆனால் நம் வெயிலில் சூடு ஏறி முன் பதிலில் சொன்ன எண்ணெய்ப் பிரச்சினை வரும். அதோடு லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரி வெயிலைக் குவித்துத் துணியைப் பற்ற வைத்துவிடும். விளக்கே நல்லது. மஞ்சள் என்பதற்காக விற்பவர் விலையைக் குறைத்தால், சந்தோஷமாக வாங்கிக்கொள்ளுங்கள்.

ஜப்பான்லேர்ந்து ஆன்லைன்ல வரவழைக்கலாமா?

சரக்கு நன்றாக இருக்கும், விவரமும் ஒழுங்காக எழுதுவார்கள். ஆனால் திரையில் தெரியும் விலை உங்கள் விலை இல்லை. அனுப்பும் செலவு, சுங்க வரி, அதன் மேல் ஜிஎஸ்டி, கூரியர்காரரின் கட்டணம் எல்லாம் சேரும். வந்த பிறகு பிடிக்கவில்லை என்றால் திருப்பி அனுப்பும் செலவு உங்களுடையது. இங்கே கிடைக்கவே கிடைக்காத லென்ஸுக்கு மட்டும் அந்த வழி.

பில் இல்ல, ஆனா பாதி வெலைக்குத் தர்றேங்கறாரு. வாங்கட்டுமா?

நாற்பது வருடப் பழைய லென்ஸுக்குப் பில் இருக்காது, அது சகஜம். இரண்டு வருடம் முன்னால் வந்த மிரர்லெஸ் லென்ஸுக்குப் பில்லும் இல்லை, பெட்டியும் இல்லை, விலையும் பாதி என்றால் எங்கேயோ ஒரு மண்டபத்தில் யாரோ ஒரு தம்பி பையைத் தொலைத்துவிட்டு அழுதுகொண்டிருக்கிறான். திருட்டுப் பொருள் என்று தெரிந்தும், தெரிந்திருக்க வேண்டிய நிலையிலும் வாங்குவது குற்றம். சீரியல் எண்ணைப் படமெடுத்து, விற்பவரின் அடையாள அட்டை நகலோடு ஒரு தாளில் கையெழுத்து வாங்குங்கள். நேர்மையான ஆள் தயங்க மாட்டார்.

"டோக்கன் அட்வான்ஸ் போடுங்க, ரெண்டு பேர் கேக்கறாங்க" என்று அவசரப்படுத்துகிறவருக்கு ஒரு ரூபாயும் அனுப்ப வேண்டாம்.

சைனா லென்ஸ் 0.95 புதுசாவே கம்மி வெலைக்கு வருதே, பழசு எதுக்கு?

நல்ல கேள்வி. மிதாகான், 7ஆர்ட்டிசன்ஸ், டிடிஆர்ட்டிசன் மாதிரியான கம்பெனிகள் எஃப் 0.95, 1.2 லென்ஸ்களைப் பழைய ஜப்பானியப் பெயர்களைவிடக் குறைந்த விலைக்குப் புதிதாகத் தருகின்றன. ஃபங்கஸ் பயம் இல்லை. உங்களுக்கு வேண்டியது அந்தக் கரைசல் மட்டும் என்றால் அதுவே புத்திசாலித்தனம். எது முழு ஃபிரேமுக்கு, எது சின்ன சென்சாருக்கு என்று மட்டும் பார்த்து வாங்குங்கள். 7ஆர்ட்டிசன்ஸ் 50 மி.மீ. எஃப் 0.95 சின்ன சென்சாருக்கானது, முழு ஃபிரேமில் மூலைகள் கறுத்துவிடும்.

அப்ப தங்கம் மாதிரி வாங்கி வெச்சா லாபம் வருமா?

இதைக் கேட்கும்போதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. கடன் வாங்கிக்கூடச் சிலர் வாங்குகிறார்கள். தங்கத்தில் ஃபங்கஸ் வராது. தங்கத்தை அடகு வைக்கலாம், லென்ஸை எந்த வங்கியும் வாங்கிக்கொள்ளாது. சந்தை சின்னது. ஒரு வருடம் பேசப்படும் லென்ஸ் அடுத்த வருடம் மறக்கப்படும், சைனா கம்பெனி ஒன்று அதே குணத்தோடு புதிதாக ஒன்றைக் கொண்டுவந்தால் விலை நிற்கும்.

அபூர்வமானதிலும் ஆபத்து உண்டு. கேனன் ஈஎஃப் 50 மி.மீ. எஃப் 1.0 லென்ஸ் 1989-ல் வந்து 2000-ல் நின்றுபோனது. இன்று சேகரிப்பவர்கள் பெரிய தொகை கொடுக்கிறார்கள். ஆனால் அதில் கையால் ஃபோகஸ் செய்வதற்கும் உள்ளே இருக்கும் மோட்டார் ஓட வேண்டும். மோட்டார் போனால் மாற்றப் பழைய பாகம் தேட வேண்டும், அதுவரை அது ஒரு கண்ணாடி எடைக்கல். முழுக்க இயந்திரத்தால் இயங்கும் நிக்கார் 50 மி.மீ. எஃப் 1.2-க்கு அந்தப் பயம் இல்லை. விலை ஏறும் என்று வாங்காமல், வாரம் ஒரு முறையாவது கேமராவில் மாட்டப் போகிறோமா என்று பார்த்து வாங்குங்கள். மாட்டிப் பழகும் லென்ஸில் வளையமும் இறுகாது, ஃபங்கஸும் சீக்கிரம் கண்ணில் படும்.

எங்க தாத்தா வாணியம்பாடில ஸ்டுடியோ வெச்சிருந்தாரு. பொட்டில பழைய லென்ஸ் கெடக்குது, நல்ல வெலைக்குப் போகுமா?

முதலில் அது என்ன என்று பாருங்கள். பல ஸ்டுடியோக்களில் இருந்தது யாஷிகா மேட் மாதிரி இரட்டை லென்ஸ் கேமரா, அதில் லென்ஸ் தனியாகக் கழலாது. டார்க் ரூமில் இருந்த என்லார்ஜர் (நெகட்டிவிலிருந்து பெரிய பிரிண்ட் போடும் கருவி) லென்ஸ் என்றால் பெரும்பாலும் 2.8 அல்லது அதற்கு மேல் இருக்கும், இந்தப் பக்கத்தில் பேசும் வகை இல்லை. ஃபிலிம் எஸ்எல்ஆரோடு 50 மி.மீ. இருந்தால் முன்வளையத்தில் எழுதியிருப்பதைப் படியுங்கள். 1:1.4, 1:1.2 என்று போட்டிருந்தால் ஆவலோடு வாங்க ஆள் உண்டு. 1:2 என்றால் சுமாரான விலை.

எதையும் துடைக்காதீர்கள், புடவைத் துணியால் ஒரு தடவை தேய்த்தாலே கோட்டிங்கில் கீறல் விழலாம். ஸ்க்ரூ டிரைவரும் வைக்காதீர்கள். காற்றோட்டமான இடத்தில் பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு, டார்ச் அடித்துப் பாருங்கள், பதினோராவது பதிலில் சொன்னபடி. வீட்டுக்கு வந்து பெட்டியோடு மொத்தமாக விலை பேசுகிறவரிடம் அன்றைக்கே கொடுத்துவிட வேண்டாம். அந்தப் பெட்டியின் அடியில் நெகட்டிவ் இருந்தால் அதைத் தனியாக எடுத்து வையுங்கள். ஊரில் பாதிக் குடும்பங்களின் கல்யாணம் அதில் இருக்கும். லென்ஸ் வாங்க வருகிறவர் அதையும் சேர்த்து எடுத்துப் போனதை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன். போனது திரும்ப வரவில்லை.